‘படிக்க மாட்டேங்கிறான்’ என்றால் முதலில் நோட்டைப் புரட்டுங்கள்

ஏழு மணிக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தான். எட்டரைக்கும் அதே பக்கம்தான். பேனா மூடி கடிபட்டிருக்கிறது. நோட்டின் ஓரத்தில் கட்டம் கட்டமாக ஏதோ கிறுக்கல். மேலே தேதி மட்டும் எழுதியிருக்கிறது. சமையலறையிலிருந்து மூன்றாவது தடவை குரல் வருகிறது: "படிக்கிறியா இல்லியா?" "படிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்."

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் எத்தனையோ வீடுகளில் ஜூலை மாதத்திலிருந்து நடப்பது இதுதான். பெற்றோர் சொல்வது "படிக்க மாட்டேங்கிறான்". அந்த 'மாட்டேன்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. "எனக்குத் தெரியல" என்று சொல்வதைவிட "மாட்டேன்" என்று சொல்வது பதினைந்து வயதில் கௌரவமாகத் தெரிகிறது. தெரியவில்லை என்றால் முட்டாள், மாட்டேன் என்றால் வீம்புக்காரன். பிள்ளைகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அறிவுரையை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, எங்கே நின்றுபோனது என்று தேடுங்கள்.

பிள்ளையிடம் கேட்டுவிட்டு எல்லாப் பாட நோட்டுகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். கையெழுத்தையோ மதிப்பெண்ணையோ பார்க்க வேண்டாம், தேதியைப் பாருங்கள். எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில் எழுத்து மெலிய ஆரம்பித்தது? கரும்பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டு, தானாகச் செய்ய வேண்டிய கணக்குகளுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறானா? எல்லா நோட்டும் ஒரே வாரத்தில் நின்றிருந்தால் அந்த வாரத்தில் ஏதோ நடந்திருக்கிறது: காய்ச்சல், வீட்டில் சண்டை, நண்பனோடு முறிவு, வகுப்பில் யாரோ சாதியையோ நிறத்தையோ உடம்பையோ சொல்லிக் கேலி செய்தது. ஒரு பாடம் மட்டும் நின்றிருந்தால் அங்கே பழைய ஓட்டை ஒன்று இருக்கிறது.

கணக்கில் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் போதும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து கணக்கு: மைனஸ் 7-உடன் 3-ஐக் கூட்டு. மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்டு. 240-இல் 15 சதவீதம் எவ்வளவு? ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து 6-ஐக் கழித்தால் 12, அந்த எண் எது? கடைசியாக, 12 – (7 – 5). "இது டெஸ்ட் இல்ல, மார்க் கிடையாது, எங்க விட்டுப்போச்சுன்னு பாக்கத்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கடைசிக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சரியான விடை 10. நிறையப் பிள்ளைகள் அடைப்பைப் பிரித்து 12 – 7 – 5 என்று எழுதி, பூஜ்யம் என்று விடை போடுவார்கள். அடைப்புக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் இரண்டாவது எண்ணின் குறியையும் மாற்றும் என்பது ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பிலேயே நழுவிப் போயிருக்கிறது. இந்த ஒரே தவறு பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் ஐந்து மதிப்பெண் கணக்கின் இரண்டாவது வரியிலேயே நுழைந்து, அடுத்த எட்டு வரிகளையும் கெடுத்துவிடும். முறை தெரிந்திருந்தும் விடை வராத பிள்ளைக்குத் தன் தவறு எங்கே என்றே தெரியாது. "எப்படிப் போட்டாலும் தப்பாத்தான் வருது" என்பது மட்டும் மனதில் பதிந்துவிடும். பிறகு போடவே மாட்டான். இதைச் சோம்பல் என்கிறோம்.

மற்றப் பாடங்களுக்கு இன்னொரு சோதனை. சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை சரளமாகப் படித்துவிட்டு, சொல்லத் தெரியாமல் நின்றால், பிரச்சினை மொழியில் இருக்கிறது. அதே பாடத்தின் தமிழ்வழிப் புத்தகத்தை முதலில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலப் புத்தகத்துக்குப் போனால் பாதிச் சுமை இறங்கிவிடும். படிக்கும்போதே எழுத்துகள் இடம் மாறுகின்றன, வரி தாவுகிறது, பதினைந்து வயதிலும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான் என்றால் டிஸ்லெக்சியா இருக்கலாம். அதைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். இதைப் பிப்ரவரியில் தொடங்கினால் நடக்காது, ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். கண் பரிசோதனை செய்யுங்கள். பெண்பிள்ளை என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகைதான். மாலை ஆறு மணிக்கே தலை கனத்து, கண் சொருகும் பிள்ளையைப் பார்த்து "எப்பப் பாரு தூக்கம்" என்று திட்டுவது அநியாயம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தக் குமட்டல் குறையும்.

அடுத்தது தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் சுரப்பே இரவில் தள்ளிப்போகிறது, பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. இப்போது உங்கள் பிள்ளையின் நாளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு டியூஷன், ஒன்பதிலிருந்து பள்ளி, பிறகு சிறப்பு வகுப்பு, ஆறரை முதல் எட்டரை வரை இன்னொரு டியூஷன். இரவு பதினொன்றுக்கு அவன் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால், நாள் முழுவதிலும் அவனுடையது என்று மிச்சமிருக்கும் ஒரே நேரம் அதுதான். மதிப்பெண் குறைந்ததும் மூன்றாவதாக ஒரு டியூஷனைச் சேர்ப்பது எனக்குத் தெரிந்து மிக அதிகமாக நடக்கும் தவறு. ஒன்றைக் குறைத்துப் பாருங்கள்.

நோட்டு பாக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதன் கனம் பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. நான்கு பாடத்தில் முப்பது முப்பது பக்கம் எழுதாமல் நின்றுவிட்டது. நோட்டு முடிக்காததால் கையெழுத்து கிடைக்காது, கையெழுத்து இல்லாததால் வகுப்பில் எழுப்பி நிறுத்துவார்கள், அதற்குப் பயந்து அந்தப் பீரியடில் தலையைக் குனிந்துகொண்டே இருப்பான், அன்றைய பாடமும் போய்விடும். வீட்டில் "உக்காந்து எழுது" என்றால் 120 பக்கமும் கண்முன் நிற்கிறது, எங்கிருந்து தொடங்குவது? வகுப்பாசிரியரைப் பிள்ளை இல்லாத நேரத்தில் தனியாகப் பார்த்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பழையது அப்படியே இருக்கட்டும், இன்னைக்குத் தேதியிலேர்ந்து எழுதட்டும், பாக்கிக்கு ஃப்ரெண்டோட நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கட்டும். ரெண்டு வாரத்துக்கு மட்டும் வீட்டுப்பாடம் பாடத்துக்கு ஒரு கேள்வி போதுமா?" பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். பிள்ளையின் குறைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவர்களிடம் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது.

பேசுவது எப்படி? எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தால் அவன் காது அப்போதே அடைத்துக்கொள்ளும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, துணி மடிக்கும்போது, கடைக்கு நடக்கும்போது பேசலாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மட்டும் வேண்டாம். வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரால்னிக் என்ற உளவியலாளர்கள் குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்காக வளர்த்தெடுத்த உரையாடல் முறையில் ஒரு கேள்வி இருக்கிறது, பதின்வயதுப் பிள்ளைகளிடம் அது அருமையாக வேலை செய்கிறது.

"கணக்குல பாஸாகணும்னு உனக்கு எவ்ளோ தோணுது தம்பி? பத்துக்கு எவ்ளோ?"

"மூணு."

இங்கேதான் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். "ஏன் மூணுதான்?" என்று கேட்டால், படிக்காமல் இருப்பதற்கான காரணங்களை அவனே வரிசையாகச் சொல்வான், சொல்லச் சொல்ல அவை இறுகும். மாறாக, "பூஜ்யம்னு சொல்லாம மூணுன்னு சொல்றியே, ஏன்?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் பேச மாட்டான். பிறகு "ஃபெயிலாயிட்டா செந்திலெல்லாம் லெவன்த் போயிருவானுங்க, நான் மட்டும்..." என்று ஒன்று வரும். அந்தக் காரணம் அவனுடையது. அதை வாங்கிக்கொண்டு "ம்" என்று மட்டும் சொல்லுங்கள். உடனே அதையே பிடித்துக்கொண்டு "அதத்தானே நானும் சொல்றேன்" என்று தொடங்கினால், அவன் காரணத்தைப் பறித்து உங்கள் காரணமாக்கிவிட்டீர்கள்.

பைக் வாங்கித் தருகிறேன், புது போன் வாங்கித் தருகிறேன் என்று பேரம் பேசும் வீடுகள் உண்டு. "450 எடு, பைக் உனக்கு." காலாண்டில் 210 வந்ததும் பைக் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அதோடு முயற்சியும் போய்விடும். பரிசைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்பே சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் பிற்பாடு தாமாக வரைவது குறைந்துபோனது. பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த பாடத்துக்குப் பரிசு பேசாதீர்கள். அறவே பிடிக்காத வேலைக்கு, செய்து முடித்த அன்றே சின்னதாக ஒன்று தந்தால் தவறில்லை: பரோட்டா, அரை மணி நேரம் கூடுதலாக கிரிக்கெட். மதிப்பெண்ணுக்குத் தராமல், உட்கார்ந்ததற்குத் தாருங்கள்.

போனைப் பிடுங்குவதும் நிலைக்காது. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது, ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஹாலில் ஒரு பிளக் பாயின்ட் வையுங்கள். படிக்கும் நேரத்திலும் இரவு பத்துக்கு மேலும் வீட்டில் எல்லார் போனும் அங்கே. அப்பாவின் போனும்தான். அது மட்டும் விதிவிலக்கு என்றால் இந்த ஏற்பாடு மூன்று நாள்கூட ஓடாது.

இனி வேலை. நாளுக்கு 20 நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். மூன்று மணி நேரம் படிக்க வேண்டிய பிள்ளைக்கு 20 நிமிடமா என்று தோன்றும். இப்போது நடப்பது பூஜ்யம் நிமிடம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம், எந்த நேரம், எந்த வரிசை என்பதெல்லாம் அவன் விருப்பம். உட்காருவதா வேண்டாமா என்பது மட்டும் பேச்சுக்கு இடமில்லாதது. முதல் அடியை முந்தைய நாள் இரவே ஒரு துண்டுச்சீட்டில் அவனே எழுதி வைக்கட்டும். "கணக்கு படிக்கணும்" என்பது அடி ஆகாது. "நோட்டை எடுத்துத் தேதி போட்டு, முதல் படத்துக்கு 3 செ.மீ. அளவு வைக்கணும்" என்பது அடி. பக்கத்தில் நீங்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ கணக்கு எழுதிக்கொண்டோ உட்கார்ந்திருங்கள். அவன் நோட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தொடக்கம் செய்முறை வடிவியல்தான். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்ட வினாத்தாளில் கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று வடிவியல், ஒன்று வரைபடம். இரண்டிலும் இது அல்லது அது என்று தேர்ந்தெடுக்கலாம். 16 மதிப்பெண், இயற்கணித ஓட்டை இங்கே அவ்வளவாகக் குறுக்கே வராது. வாங்க வேண்டியது ஆடாத காம்பஸ், நன்றாகச் சீவிய எச்.பி. பென்சில், நுனி தேயாத ஸ்கேல்.

முதல் நாளுக்கு இதைக் கொடுங்கள். 3 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி வெளியே ஒரு புள்ளி, இரண்டையும் கோட்டால் இணை. அந்தக் கோட்டுக்கு மையக் குத்துக்கோடு வரைந்து நடுப்புள்ளியைக் கண்டுபிடி. நடுப்புள்ளியில் காம்பஸ் முள்ளை வைத்து, வட்டத்தின் மையம் வரை விரித்து இன்னொரு வட்டம் போடு. அது முதல் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும். வெளிப்புள்ளியிலிருந்து அந்த இரண்டு இடத்துக்கும் கோடு இழு. அவைதான் தொடுகோடுகள். இப்போது ஸ்கேலை வைத்து அளக்கச் சொல்லுங்கள். சரியாக 4 செ.மீ. வர வேண்டும், 25-இல் 9 போனால் 16, அதன் வர்க்கமூலம் 4. 3.7 வந்தால் காம்பஸ் தளர்ந்திருக்கிறது அல்லது குத்துக்கோட்டுக்கு விரித்த அளவு நடுவில் மாறிவிட்டது. திருத்திவிட்டு இன்னொரு முறை. இதில் சரி, தப்பு என்று சொல்வது அம்மாவும் இல்லை, சாரும் இல்லை. ஸ்கேல் சொல்கிறது. பல மாதமாகத் திட்டு மட்டுமே வாங்கிய பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவன் மூன்றாவது படம் போடும்போது பார்ப்பீர்கள். உதவிப்படமும் கடைசியில் சரிபார்த்தலும் எழுத மறக்கக் கூடாது, அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

பிறகு அவனோடு சேர்ந்து, தேர்ச்சிக்கு வேண்டிய 35-க்கு வழி கணக்குப் போடுங்கள். வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 14. ஒரு மதிப்பெண் வினா 14-இல் 9. இரண்டு மதிப்பெண்ணில் நான்கு சரியென்றால் 8. ஐந்து மதிப்பெண்ணில் ஒன்றே ஒன்று. மொத்தம் 36. இப்படிப் படிப்பது கணக்கையே கற்பது ஆகாது என்று சில ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கரையில் கால் பட்டால்தான் நீந்தக் கற்றுக்கொடுக்க முடியும். மூன்றாவது வாரத்திலிருந்து அந்த அடைப்புக்குறிக் கணக்கை தினமும் பத்து நிமிடம் சேருங்கள்.

அறிவியலில் ஒன்றை மறக்கவே கூடாது. செய்முறைக்கு 25, எழுத்துத்தேர்வுக்கு 75. எழுத்துத்தேர்வில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 வேண்டும். பள்ளிக்குப் போக அடம்பிடிக்கும் பிள்ளை செய்முறை நாளை மட்டும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமூக அறிவியலை மூன்று தடவை வாசித்தும் நிற்கவில்லை என்பார்கள். வாசிப்பதால் நிற்காது. 2006-இல் ரோடிகர், கார்பிகி இருவரும் செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஒரு பத்தி படி, மூடு, நான்கு வரி எழுது, திறந்து விட்டதைச் சிவப்பு மையில் சேர். அவ்வளவுதான்.

எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நாள் நன்றாகப் போகும், நான்காம் நாள் உட்கார மாட்டான். கல்யாணம், திருவிழா, விருந்தாளி என்று ஒரு வாரம் அறுந்துபோகும். விட்டுப்போன நாளுக்கு ஈடு கேட்காதீர்கள், மறுநாள் அதே 20 நிமிடம். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு உங்களிடமிருந்துதான் வரும்: நன்றாகப் போகிறதே என்று ஐந்தாம் நாளே 40 ஆக்குவது. உழைத்ததற்குத் தண்டனை என்று அவன் புரிந்துகொள்வான். இரண்டு வாரம் முடிந்த பிறகு 30 ஆக்கலாமா என்று அவனிடமே கேளுங்கள். உட்கார்ந்த நாளைக் காலண்டரில் அவனே டிக் போடட்டும், நீங்கள் போடாதீர்கள்.

இவை எதுவும் பொருந்தாத பிள்ளைகள் உண்டு. படிப்போடு கிரிக்கெட்டையும் விட்டுவிட்டான், குளிப்பதில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கையில் கீறல் தெரிகிறது, "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறான். அப்போது புத்தகத்தை மூடிவையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

தோற்றால் என்ன ஆகும் என்பதையும் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். துணைத்தேர்வு அதே ஆண்டிலேயே வரும். பத்து முடித்தவனுக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது, மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ இருக்கிறது, டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். சொன்னால் மெத்தனமாகிவிடுவான் என்று பயப்படுகிறார்கள். பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்படி ஆகாது. பின்னால் ஒரு கதவு திறந்திருப்பது தெரிந்தால்தான் கை பேனாவைப் பிடிக்கும்.

கணக்கில் காலாண்டில் 12 வாங்கியவன் அரையாண்டில் 27 வாங்கிக்கொண்டு வருவான். "இன்னும் எட்டு மார்க் எடுத்திருந்தா பாஸாயிருப்பியே" என்பது வாய் நுனியில் நிற்கும். விழுங்கிவிட்டு விடைத்தாளைக் கேளுங்கள். தொடுகோடு வரைந்த பக்கத்தைத் திருப்பி, அங்கே சிவப்பு மையில் இருக்கும் எண்ணை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பென்சிலைக் கொடுத்து, நாளைய 20 நிமிடத்துக்கு இந்தத் தாளிலிருந்து எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறான் என்று வட்டம் போடச் சொல்லுங்கள்.